ரோஸ்லின் அக்கா பாடிய ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் மகளுக்கு இருமல் நிற்காமல் இருந்தது. கீழமாசி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதிமதுரத்தைத் தட்டிக் காகிதத்தில் மடிக்கும்போது ஒரு துண்டு தெறித்து என் பக்கம் வந்து விழுந்தது. சும்மா இருக்கத் தெரியாத கை. எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். முதலில் மரத்தூள் மாதிரி இருந்து, பிறகு மெதுவாக இனிப்பு இறங்கும் அந்த ருசி கடைவாய்க்குப் போனதும், மகளும் இருமலும் மறந்துபோய், கறுப்புப் பட்டுச் சேலை கட்டிய ஒரு பெரிய உருவம் கண்முன்னால் வந்து நின்றது. ஒரு கன்னத்தில் அதிமதுரக் குச்சியை அடக்கிக்கொண்டே பேசுவார். ரோஸ்லின் அக்கா.

“வேற என்னக்கா வேணும்?” என்று கடைக்காரர் இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் நான் கடைக்குத் திரும்பினேன்.

ரோஸ்லின் அக்காவை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பாடகி என்று சொன்னால் நம் ஊரில் உடனே “எந்தப் படத்துல?” என்று கேட்பார்கள். எந்தப் படத்திலும் இல்லை. சென்னையிலிருந்து வந்த சொப்ரானோ. பெண் குரல்களில் மாடியில் குடியிருப்பவர்கள் சொப்ரானோ. கீழ்வீட்டுக் குடித்தனம் ஆல்டோ. நான் ஆல்டோ. மாடியில் விசேஷம் நடக்கும்போது கீழே விளக்கு போட்டு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் வேலை.

வயலினும் செல்லோவும் புல்லாங்குழலுமாகச் சென்னையிலிருந்து ஒரு ஆர்கெஸ்ட்ரா வரப்போகிறது, நாங்கள் அதோடு சேர்ந்து பாடப்போகிறோம் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, “பழைய பாட்டா, புதுப் பாட்டா?” மதுரையில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வரவேற்பில் கீபோர்டு வைத்துச் சினிமாப் பாட்டுப் பாடுவது. “ரொம்பப் பழைய பாட்டுப்பா” என்றேன். அது பொய்யில்லை. ஐரோப்பாவில் யாரோ ஒருவர் எப்போதோ லத்தீனில் எழுதிய, இறந்தவர்களுக்கான திருப்பலி இசை.

நாங்கள் சௌராஷ்டிரக்காரர்கள். முனிச்சாலைப் பக்கம் வீடு. அப்பா விளக்குத்தூண் அருகே சுங்குடிச் சேலை மொத்தக் கடையில் விற்பனையாளர். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசல் தாண்டினால் தமிழ். அந்த வருடம் மூன்றாவதாக லத்தீனும் வந்து சேர்ந்தது. (அம்மா அப்பா என்னிடம் பேசியதை இங்கே தமிழாக்கித்தான் தருகிறேன். எங்கள் மொழியைக் காகிதத்தில் பிடித்துவைக்க எனக்குத் தெரியாது.) சாமி கும்பிட வெள்ளிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போகிற ஒரு பெண் எப்படி சர்ச் பாடகர் குழுவில் போய் நின்றாள் என்று கேட்டால், அதற்கு அண்ணனைச் சொல்ல வேண்டும்.

அண்ணன் மோட்டார் உதிரிபாகம் விற்கும் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுப்பவன். திருமங்கலம், டி. கல்லுப்பட்டி, பேரையூர் என்று தெற்கே அவன் பாதை. ஆடி மாதம் ஒரு நாள் பேரையூரிலிருந்து பைக்கில் திரும்பும்போது கல்லுப்பட்டியைத் தாண்டி ஒரு லாரி. காற்று பலமாக இருந்தது என்றார்கள். லாரிக்காரர் மேல் தப்பில்லை என்றார்கள். நிறையச் சொன்னார்கள். எனக்கு அவற்றில் பாதி ஞாபகம் இல்லை.

துக்கம் என்று அதைச் சொல்லத் தயங்குகிறேன். பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு கன்னம் ஒரு மாதிரி இருக்குமே, தொட்டால் கைக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது, அப்படி இருந்தது. வேலைக்குப் போனேன். ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். “சாப்ட்டு வந்தீங்களா, வெறும் வயித்தோட வந்தீங்களா?” என்று வருகிறவர்களைக் கேட்பேன். பதில் காதில் விழும். வீட்டுக்கு வருவேன். அவ்வளவுதான் அந்த ஆவணி, புரட்டாசி.

அம்மாவுக்கு வேறு மாதிரி. அம்மா தூங்குவதை நிறுத்திவிட்டாள். படுப்பாள், கண் சொருகும், உடனே எழுந்து உட்கார்ந்துகொள்வாள். “வண்டிச் சத்தம் கேட்டுச்சு” என்பாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டும் வண்டிச் சத்தம் கேட்டது. அம்மாவின் ஜாக்கெட் எல்லாம் தோளில் நிற்காமல் வழிந்தது. எங்கள் சென்டர் டாக்டரிடமே ஒரு நாள் அம்மாவைக் காட்டினேன். இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்த ஒடம்பு இப்படியே ரொம்ப நாள் தாங்காதும்மா. எப்படியாவது தூங்க வைக்கப் பாருங்க” என்றார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வரவேற்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி ஸ்டெல்லாவுடையது. அவள்தான் ஒரு நாள் சொன்னாள்.

“சாயங்காலம் வீட்ல போயி செவத்தப் பாத்துக்கிட்டுத்தான இருக்கப் போற. எங்கூட வா, கொயர் பிராக்டிஸ் இருக்கு.”

“எனக்குப் பாடத் தெரியாதுடி.”

“ஆல்டோவுக்குப் பாடத் தெரிய வேணாம். பக்கத்துல நிக்கிறவ பாடுறதக் கேக்கத் தெரிஞ்சாப் போதும்.”

ரயில்வே காலனிப் பக்கம் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட ஹால். அங்கேதான் ஜெயசீலன் சாரை முதலில் பார்த்தேன். குழுவை நடத்துபவர். பகலில் வடக்கு வெளி வீதியில் பேரிங் கடை. கை கழுவிவிட்டுத்தான் வருவார், ஆனாலும் பக்கம் திருப்ப எங்களருகே வந்தால் மெல்லிய கிரீஸ் வாசனை அடிக்கும். ஒல்லியான மனிதர். சிரிப்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்காதவர். என்னை ஒரு ஸ்வரம் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன் என்று நினைத்தேன். “தணிஞ்ச குரல். ஆல்டோல நில்லுங்க” என்றார். என் பெயரைக்கூட இரண்டு வாரம் கழித்துத்தான் கேட்டார்.

அவர் கற்றுக்கொடுத்ததில் பெரும்பகுதி மூச்சு விடுவது. எங்கள் தாள்களில் எல்லாம் பென்சிலால் சின்னச் சின்னக் காற்புள்ளி போட்டிருப்பார். அங்கேதான் மூச்சு எடுக்க வேண்டும். “எம்புட்டு தடவ சொல்றதும்மா? எல்லாரும் ஒரே எடத்துல மூச்செடுத்தா பாட்டுல பள்ளம் விழும். பக்கத்துல உள்ளவ எடுக்கும்போது நீ எடுக்காத. நீ எடுக்கும்போது அவ தாங்குவா.” எனக்கு அது பிடித்திருந்தது. எப்போது மூச்சு எடுக்க வேண்டும் என்பதை இன்னொருவர் முடிவு செய்துவிட்டார். மிச்சத்தை நான் யோசிக்க வேண்டியதில்லை. லத்தீன் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டோம். வெளிச்சத்துக்கு லத்தீனில் லுக்ஸ். அதை ஸ்டெல்லா எப்போதும் குளியல் சோப்பின் பெயராகவே வாசிப்பாள். “கல்லறைல வந்து சோப்பு விக்காதீங்கம்மா” என்று ஜெயசீலன் சார் முகம் மாறாமல் சொல்லுவார். நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன் என்று ஸ்டெல்லா பிற்பாடு சொன்னாள்.

கல்லறைத் திருநாள் வருகிற நவம்பரில் நிகழ்ச்சி. தல்லாகுளத்தில் ஒரு பழைய ஹால் எடுத்திருந்தார்கள். தனிக்குரலுக்கு எங்கள் ஊரில் ஆள் இல்லை என்பதால் இரண்டு பேரை வெளியிலிருந்து வரவழைத்தார்கள். ஒருவர் ரோஸ்லின் அக்கா. இன்னொருவர் வர்கீஸ் அண்ணன், கோயம்புத்தூரில் இருந்த கோட்டயத்துக்காரர். ஆண் குரலில் அடிமட்டம். அவர் பேசினால் பெஞ்சில் வைத்த தண்ணீர்ப் பாட்டில் அதிரும். வந்த அன்றைக்கே விளக்குத்தூணுக்குப் போய் ஜிகர்தண்டா குடித்துவிட்டு, மீசையில் பாலாடையோடு ஒத்திகைக்கு வந்தார். ஜெயசீலன் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணே, நாளக்கழிச்சு கச்சேரி. ஐஸ் போயி சாப்பிட்டு வந்திருக்கீங்க!”

“சாரே, என் குரல் அடியில கெடக்கு. ஐஸ் அவ்வளவு தூரம் எறங்காது” என்றார் வர்கீஸ் அண்ணன்.

விருந்தாளிகள் இருவருக்கும் ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் அறை போட்டிருந்தார்கள். போன இடத்தில் ரோஸ்லின் அக்காவின் அறைக்கு அடுத்த அறையில் சுவரை உடைத்து வேலை நடந்துகொண்டிருந்தது. சிமெண்டுத் தூசி. அக்கா தும்மிக்கொண்டே ஒத்திகைக்கு வந்தார். “இதே ரூம்ல இன்னும் ரெண்டு நாள் இருந்தா ஞாயித்துக்கெழம வெறும் காத்துதான் சார் வரும்” என்றார். ஜெயசீலன் சார் எங்கள் பக்கம் திரும்பி, “யார் வீட்லயாச்சும் ஒரு ரூம் சும்மா இருக்கா?” என்று கேட்டார்.

யாரோ “எங்க வீட்ல இருக்கு சார்” என்றார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னது நான்தான் போலிருக்கிறது.

அந்த அறை ஆடியிலிருந்து சாத்தியே கிடந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். எழுந்து போய் விளக்குமாறை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். கூட்டினாள், தண்ணீர் விட்டுத் துடைத்தாள். அண்ணன் சட்டைகளை ஆணியிலிருந்து எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். கட்டில் விரிப்பை உருவியபோது மட்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு ஊறப்போட்டாள். நான் புது விரிப்பை ஒரு பக்கம் பிடித்தேன், அவள் ஒரு பக்கம் பிடித்தாள்.

ரோஸ்லின் அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கியபோது எங்கள் சந்தே வேடிக்கை பார்த்தது. அறைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லா காத்து வருதும்மா. இது யார் ரூமு?” என்று கேட்டார்.

“பையன் ரூம்” என்றாள் அம்மா.

“வெளியூர்ல இருக்காரா?”

“ஆமா.”

நான் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தேன். திருத்தவில்லை. அம்மா சொன்னதில் தப்பு எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அக்கா குரலைப் பழக்கத் தொடங்கினார். முதலில் உதட்டை மூடிக்கொண்டு வெறும் ரீங்காரம். பிறகு ஒவ்வொரு படியாக மேலே. பிறகு இறங்கி வருவார். நடுவில் நிறுத்தி அதிமதுரத்தைக் கடிக்கிற சத்தம் கேட்கும். எதிர்வீட்டுச் சிறுவர்கள் வாசலில் நின்று நரி மாதிரி ஊளையிட்டுக் காட்டினார்கள். அம்மா அவர்களை விரட்டிவிட்டு வந்து, அறை வாசலுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கையில் அவரைக்காய்த் தட்டு. காயை ஆயாமல் வைத்திருந்தாள்.

“இவங்க பாட்டுல என்ன சொல்றாங்க?” என்று என்னிடம் கேட்டாள்.

“செத்தவங்களுக்கு ஓய்வு கொடு, வெளிச்சம் காட்டுன்னு சாமிகிட்ட கேக்குறாங்க.”

அம்மா ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தாள். “வெளிச்சம் எதுக்கு? வெளிச்சம் இருந்தா எப்படித் தூங்குறது?” என்றாள்.

ஒத்திகையில் ரோஸ்லின் அக்காவுக்கும் ஜெயசீலன் சாருக்கும் ஒரு மரியாதையான சண்டை நடந்தது. அக்காவின் தனிப்பாட்டுக்கு அடியில் நாங்கள் எல்லோரும் மிக மெல்லிதாக ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அக்கா மிக மெதுவாகப் பாடினார்.

“மேடம், இம்புட்டு மெதுவாப் போனா எம் பிள்ளைங்க தாங்க மாட்டாங்க. மூச்சு முட்டிரும்.”

“சார், இது பஸ்ஸப் புடிக்கிற பாட்டு இல்ல. படுத்துக்கெடக்குறவங்கள எழுப்பாமப் பாடணும்.”

“நீங்க எழுப்ப வேணாம். இவங்க விழுந்துருவாங்க.”

வயலின்காரர்கள் வில்லைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்த்தார்கள். வர்கீஸ் அண்ணன் கூரையைப் பார்த்தார். கடைசியில் ஜெயசீலன் சார் எங்கள் தாள்களை எல்லாம் திரும்ப வாங்கி, பழைய காற்புள்ளிகளை அழித்துவிட்டு, ஆளுக்கு ஒரு இடமாகப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். “சரி மேடம். நீங்க ஒங்க இஷ்டத்துக்குப் பாடுங்க. நான் பாத்துக்கறேன்.” அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே.

அண்ணனைப் பற்றி ஸ்டெல்லாதான் அன்று சாயங்காலம் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா வீட்டுக்கு வந்து எதையும் காட்டிக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது அம்மாவிடம், “நாளைக்கு நீங்க வரணும்மா. எனக்கு இந்த ஊர்ல யாரத் தெரியும்? தெரிஞ்ச மொகமா ஒண்ணு முன்னால இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்” என்றார்.

“எனக்கு ஒண்ணும் புரியாதே.”

“எனக்கும் லத்தீன் தெரியாதும்மா. நானும் மனப்பாடந்தான்.”

காரியத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர அம்மா ஆடியிலிருந்து வாசல் தாண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு நீலச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு ஆட்டோவில் ஏறினாள். அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கடைக்குப் போகிற முகத்தோடு வந்தார்.

நிகழ்ச்சி நான்கு மணிக்கு. வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. மின்விசிறி தாள்களைப் பறக்கடிக்கும் என்று நிறுத்திவிட்டிருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் நான்காவது வரிசையில், ஓரத்தில். நான் மேடையில் இரண்டாவது படியில் ஸ்டெல்லாவுக்கு அருகில். வர்கீஸ் அண்ணன் பாடியபோது முன்வரிசைக் குழந்தை ஒன்று பயந்து அழுதது. வெளியே தூக்கிப் போனார்கள். பிறகு ரோஸ்லின் அக்கா எழுந்து நின்றார். அதிமதுரத்தைக் கைக்குட்டையில் துப்பி மடித்து, செல்லோக்காரரின் நாற்காலியில் வைத்தார். ஜெயசீலன் சார் கையைத் தூக்கினார்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? பெரிய சத்தம் இல்லை. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னதாக ஒரு ஒலி வந்தது. வந்தது கலையாமல் அப்படியே நின்றது. நாங்கள் அடியில் எங்கள் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தோம். என் முறை வந்தபோது மூச்சு எடுத்தேன். ஸ்டெல்லா தாங்கினாள். அவள் எடுத்தபோது நான் தாங்கினேன். அப்போது நான்காவது வரிசையைப் பார்த்தேன். அம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை மடியிலிருந்து வழுக்கி நாற்காலிக்கு வெளியே விழுந்து கிடந்தது.

அம்மா செத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு எனக்குள் எதையும் அசைக்கவில்லை என்பதை இன்று சொல்லும்போதுதான் பயமாக இருக்கிறது. ‘சரி, இதுவும்’ என்று மட்டும் தோன்றியது. என் வாய் பாடிக்கொண்டிருந்தது. ஜெயசீலன் சாரின் கண் என் மேல் வந்தது. நான் பார்க்கும் திசையை அவர் கவனித்திருக்க வேண்டும். அவரால் திரும்ப முடியாது. இடது கையை மட்டும் என் பக்கம் நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி, அப்படியே வைத்துக்கொண்டார். நில், பிடித்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். நின்றேன்.

அப்பா அம்மாவின் பக்கம் குனிந்தார். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். பிறகு தோள் துண்டை உருட்டி அம்மாவின் தலைக்கும் தன் தோளுக்கும் இடையில் மெதுவாகச் செருகினார். நிமிர்ந்து, மேடையில் என்னைத் தேடிப் பிடித்து, கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். தூங்குகிறாள்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓட்டைப் பிரிக்கிற மாதிரி இருந்தது. அம்மா அசையவில்லை. இன்னும் இரண்டு பாட்டுகள் இருந்தன. ஊதுகுழல்களும் பெரிய மத்தளமும் முழங்கிய பாட்டுக்கும் அவள் எழவில்லை. மாலை போட்டார்கள், நன்றியுரை சொன்னார்கள், ஆட்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். அம்மா தூங்கினாள்.

சிக்கல் பிறகுதான் வந்தது. அதே ஹாலில் சாயங்காலம் ஒரு மஞ்சள் நீராட்டுச் சடங்கு வீடு. பூ அலங்காரக்காரர்கள் வாழைமரத்தோடு வாசலில் நின்றார்கள். மைக் செட்டுக்காரர் ஸ்பீக்கரை இறக்கி வைத்து ஒயரைச் செருகத் தொடங்கினார். நான் அம்மாவை எழுப்ப ஓடினேன். தோளைத் தொடப் போன கையை ஜெயசீலன் சார் பிடித்துவிட்டார்.

“எழுப்பாதீங்க.”

“சார், அவங்க ஹால் கேக்குறாங்க.”

“நான் பேசிக்கறேன்.”

குழுவுக்கு வெளியே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத மனிதர் போய், மைக் செட்டுக்காரர் ‘ஹலோ’ என்று ஆரம்பிப்பதற்குள் மைக்கின் தலையைக் கையால் பொத்திக்கொண்டார். “அண்ணே, அந்தம்மா மகனப் பறிகொடுத்துட்டு ஆடிலருந்து தூங்கல. இப்பத்தான் கண்ணசந்துருக்கு. கொஞ்சம் பொறுங்க.” மைக் செட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சடங்கு வீட்டுத் தாய்மாமன் ஒருவர், பட்டு வேட்டியும் மல்லிகை மாலையுமாக வந்தவர், அவரும் எட்டிப் பார்த்தார்.

“எங்க பொண்ணு வர்றதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. அந்தம்மா பாட்டுக்குத் தூங்கட்டும்ணே. நாம அந்தப் பக்கமா வேலையப் பாப்போம்” என்றார் அவர்.

பிறகு நடந்ததை நான் இப்போதும் சத்தமில்லாத படம் மாதிரிதான் பார்க்கிறேன். அந்த ஹாலின் ஒரு பாதியில் அலங்கார வேலை நடந்தது. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். வர்கீஸ் அண்ணன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வாழைமரத்தை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் போனார். செல்லோவைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர், பூட்டுச் சத்தம் கேட்காமலிருக்கக் கைக்குட்டையைச் சுற்றிப் பூட்டினார். ரோஸ்லின் அக்கா அம்மாவுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து விசிறியால் மெதுவாக வீசிக்கொண்டிருந்தார். எனக்கு யாரோ ஒரு பொட்டலம் மிக்சர் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். உப்பு தெரிந்தது. காரம் தெரிந்தது. அதைத் தவிர அந்த மாலையில் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை.

ஜன்னலில் வெயில் போன பிறகு அம்மா தானாக விழித்தாள். முதலில் அப்பாவைப் பார்த்தாள், பிறகு வாழைமரத்தைப் பார்த்தாள். தூங்கப்போன இடம் வேறு, எழுந்த இடம் வேறு என்று குழம்பியிருப்பாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, பின்னால் திரும்பினாள்.

“முடிஞ்சிருச்சா? அய்யய்யோ, தூங்கிட்டேன் போலயே” என்று அக்காவிடம் சொன்னாள்.

“எம் பாட்டுக்குத் தூங்குனவங்க நெறையப் பேர்ம்மா. இவ்வளவு நேரம் யாரும் தூங்கல” என்றார் அக்கா.

அம்மா சிரிக்கவில்லை. அக்காவின் விசிறிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் ஒங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன். அந்த ரூம்ல இருந்த பையன் வெளியூர்ல இல்ல.”

“தெரியும்மா.”

“எறந்துட்டான்” என்றாள் அம்மா. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து முதல் தடவையாகக் கேட்டேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றார். சடங்கு வீட்டு ஆள் ஒருவர் எங்களுக்கெல்லாம் காப்பி கொண்டுவந்தார்.

பாட்டு கேட்டு அம்மாவுக்குக் குணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் தூங்காத நாட்கள் இருந்தன. தூங்கிய நாட்களும் வந்தன. தூங்கிய நாட்கள் மெல்ல மெல்லக் கூடின. வண்டிச் சத்தம் எப்போது நின்றது என்று அம்மாவுக்கே தெரியாது. அம்மா இன்றும் இருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவி ஓட ஓட நன்றாகத் தூங்குகிறாள். எனக்கு அந்தப் பல் டாக்டர் ஊசியின் மரப்பு எப்போது விட்டது, முழுக்க விட்டதா என்பது வேறு கதை.

ரோஸ்லின் அக்கா சில கிறிஸ்துமஸ்களுக்கு அம்மாவுக்குப் போன் செய்தார். பிறகு ஒரு நாள் நான் கூப்பிட்டபோது அந்த எண்ணை வேறு யாரோ எடுத்து, ராங் நம்பர் என்றார்கள். வர்கீஸ் அண்ணன் மஸ்கட்டில் மகனோடு இருப்பதாகக் கேள்வி. தல்லாகுளம் ஹாலை இடித்துவிட்டு அந்த இடத்தில் மாடி மாடியாகக் கண்ணாடி வைத்து ஒரு துணிக்கடை கட்டியிருக்கிறார்கள். மகளுக்குப் பள்ளிச் சீருடை எடுக்க உள்ளே போய், நான்காவது வரிசை எங்கே இருந்திருக்கும் என்று யோசித்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. சென்னை ஆர்கெஸ்ட்ரா மறுபடி வரவில்லை. நாங்கள் மட்டும் கீபோர்டை வைத்துக்கொண்டு சில வருடம் பாடினோம். கல்யாணம், மாற்றல், பிரசவம் என்று ஆல்டோ வரிசை குறைந்துகொண்டே வந்தது. ஜெயசீலன் சார் இருந்த குரல்களை வைத்து ஒப்பேற்றினார்.

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். கவச உடை போட்ட நான்கு பேரும், தூரத்தில் நிற்க அனுமதிக்கப்பட்ட ஒரு மகனும். எங்கள் ஊரில் எத்தனையோ சாவு வீடுகளில் பாடக் குழுவைக் கூட்டிக்கொண்டு போனவருக்கு, ஒரு குரல்கூட இல்லை.

ஸ்டெல்லாதான், போனிலாவது பாடுவோம் என்றாள். அன்று சாயங்காலம் இருக்கிற ஊரிலிருந்தெல்லாம் பழைய ஆட்கள் வீடியோ காலில் வந்தார்கள். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். நரைத்த முகங்கள், சமையலறையில் நிற்கும் முகங்கள். ஒரு கட்டத்துக்குள் ஜெயசீலன் சாரின் மனைவி. ஸ்டெல்லா கையைத் தூக்கிக் காட்டினாள். தொடங்கினோம்.

ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்ந்தது. ஒருவர் குரல் வந்தால் மற்றவர் குரலைப் போன் அடைத்துவிட்டது. முன்னால் போனவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். மறுபடி தொடங்கினோம். மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை தொடங்குமுன் அவர் மனைவி, “பரவால்லம்மா, விடுங்க” என்றார். அவர் கட்டம் அணைந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்றக் கட்டங்களும் அணைந்தன. கடைசியில் திரையில் என் முகம் மட்டும் இருந்தது. வாய் திறந்திருந்தது.